தொட்டால்தான் ஆட்டம்

திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். கடந்த ஆண்டு, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லித்தர நாங்கள் மூன்று பேர் போய்வந்தோம். முதல் நாள் கபடி. "நீங்களே ரெண்டு டீமா பிரிஞ்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கோடு போடப் போனோம். திரும்பிப் பார்த்தால் ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் காலனி. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஆட்டம் தொடங்கியபின் நடந்ததுதான் எங்களை அதிகம் உறுத்தியது. காலனியைச் சேர்ந்த நான்காம் வகுப்புப் பையன் பாடிப் போனான். நல்ல ஓட்டக்காரன். எதிரணிப் பையன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான். தொடாமலே திரும்பி வந்தான். ஏன்டா என்று கேட்டோம். "தொட்டா அவங்க வீட்ல திட்டுவாங்கண்ணா" என்றான்.

தொட்டால்தான் புள்ளி என்கிற ஆட்டத்துக்குள்ளேயே தீண்டாமை வந்து நிற்கிறது. இது புதிதல்ல. புனேவில் பல்வாங்கர் பாலூ வீசிய பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே தனி மண்குவளை. 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் அவர். விளையாட்டு தானாகச் சாதியை ஒழிக்காது.

நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்லி 2024இல் அறிக்கை தந்தது. தேவையான பரிந்துரைதான். ஆனால் கயிறு கட்டும் வயதுக்கு முன்பே அணி பிரிந்துவிடுகிறதே! அந்த வயதில் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்க யார் இருக்கிறார்கள்? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை மைதானமும் விளையாட்டுப் பொருட்களும் வேண்டும் என்கிறது. உடற்கல்விப் பயிற்றுநரையோ ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குத்தான் சொல்கிறது. அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், பகுதிநேரமாக. தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். அவர்கள் பாடம் நடத்துவார்களா, விசில் ஊதுவார்களா? அதனால் பி.டி. பீரியட் கணக்குப் பாடமாகிறது. இல்லையென்றால் வளாகத்தைக் கூட்டும் நேரமாகிறது. துடைப்பம் யார் கைக்குப் போகிறது என்று கவனித்துப் பாருங்கள்.

முதல் நாள் தவறு எங்களுடையது. பிள்ளைகளுக்குச் சுதந்திரம் கொடுக்கிறோம் என்று நினைத்து, ஊர் போட்டுவைத்த கோட்டையே மைதானத்திலும் போட்டோம். அடுத்த வாரம் வரிசையில் நிற்கவைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்தோம். ஊர்த் தெருவிலிருந்து ஓர் அம்மா வந்து, ஒன்றும் பேசாமல் தன் மகளை அழைத்துப் போனார். தலைமையாசிரியர் "பிரச்சனை வேணாம் தம்பி" என்றார். எங்களுக்கும் பயம் இருந்தது. நாளை அடி விழுந்தால் அது காலனிப் பிள்ளைகள் மேல்தான் விழும். காலனிப் பெற்றோரிடம் போய்ப் பேசினோம். "நிறுத்தாதீங்க" என்றார்கள்.

ஐந்தாவது வாரம் அந்தப் பையன் ஊர்ப் பையனின் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டுக் கோட்டைத் தாண்டி ஓடிவந்தான். அவுட் ஆனவன் சண்டை போட்டான்: கை படவே இல்லையாம்! சாதிச் சண்டையல்ல, கபடிச் சண்டை. மகளை அழைத்துப்போன அம்மா இன்னும் அனுப்பவில்லை.

பள்ளிகளுக்குப் போகும் தோழர்களே, அணியை நீங்கள் பிரியுங்கள். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரே குழாயில், ஒரே டம்ளரில் தண்ணீர் குடிக்கிறார்களா என்று பாருங்கள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உடற்கல்வி ஆசிரியர் வேண்டும் என்பதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள்.