ஆறாவது குவியல்

ஷவ்வால் பிறை தெரிந்ததும் எங்கள் அடுத்த வீட்டு ராவுத்தர் செய்கிற முதல் காரியம் அரிசி அளப்பதுதான். பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டிய ஃபித்ரா அது. தலைக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. கைக்குழந்தைக்கும் கணக்கு உண்டு.

எனக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டு, பழக்க தோஷத்தில் அவர் ஆறு குவியல் போட்டுவிட்டார். வீட்டில் இருந்ததோ ஐந்து பேர். என்னோடு படித்த அவர் மகன் அந்த மாசியில்தான் விஷக் காய்ச்சலில் போயிருந்தான்.

ராவுத்தர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஆறாவதைத் திரும்ப அள்ளப் போனார்.

"இருக்கட்டும். அவன் பேரால சதக்காவாப் போவட்டும்" என்றார் அந்த அம்மாள்.

மறுநாள் காலை அந்த அம்மாள் எதையும் வாயில் வைக்கவில்லை. தொழுகை முடிந்து வந்த ராவுத்தர், சேமியாக் கிண்ணத்தை நீட்டினார்.

"மாசம் பூரா நோன்பிருக்கச் சொன்னவன்தான் இன்னிக்குச் சாப்பிடவும் சொல்லியிருக்கான். பெருநாளன்னிக்கு நோன்பு ஹராம், புள்ள."

அழுதுகொண்டே வாங்கிச் சாப்பிட்டார்.

பண்டிகை சந்தோஷமாக இருப்பவர்களுக்கென்று அதுவரை நினைத்திருந்தேன். துக்கப்படுகிறவர்களுக்குத்தான் அது அதிகம் வேண்டியிருக்கிறது.