கம்பத்தில் வந்த கம்பி

சென்ற கோடையில் காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்குப் புறப்பட்டோம். இருப்புப்பாதை எழுத்தராகிய நமக்கு அவ்வழி புதிதன்று. பாகாலாவுக்கு அருகே ஒரு சிற்றூரில், நம் அத்தையார் இல்லத்தில் ஓரிரவு தங்கினோம்.

மின்கம்பத்தில் மெல்லிய கறுப்புக் கம்பியொன்று ஓடுவதை அத்தையார் காட்டினார். ஆந்திர அரசு 2015-இல் நிறுவிய ஃபைபர்நெட், மண்ணைத் தோண்டாது, மின்கம்பங்களிலேயே கண்ணாடி இழையைக் கட்டி ஊர்தோறும் இணையத்தைக் கொண்டுசெல்ல முற்பட்டது. 2017 டிசம்பரில் குடியரசுத் தலைவர் இராம்நாத் கோவிந்த் இதனைத் தொடங்கிவைத்தார். இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி மூன்றுக்கும் அப்போது மாதக் கட்டணம் 149 ரூபாய்.

கடிதத்துக்காக வாயிற்படியில் காத்திருந்த அத்தையார், இன்று சிங்கப்பூரிலுள்ள மகனின் முகத்தை நாடோறும் காண்கிறார்.

அந்தி சாய்ந்ததும் திண்ணைக்கு ஒரு சிறுமி வந்தாள். கம்பி எட்டாத பக்கத்துக் குடியிருப்பினள். பள்ளிப்பாடம் பார்க்க ஒரு கல் தொலைவு நடந்து வருகிறாள். இருட்டியபின் அத்தையாரே கைவிளக்குடன் துணைசென்று விட்டுவருகிறார். அன்று நாமும் உடன் நடந்தோம்.

குடிநீரும் மின்சாரமும் போல இதுவும் பொதுத்தேவையே. ஆதாயம் பார்த்து வீடுகளைத் தேர்ந்தெடுத்தல் முறையன்று. மக்களைக் கடல் கடந்து அனுப்பிய குடும்பங்கள் இதனை நன்கறியும். மறுமுறை செல்லுங்கால் அச்சிறுமி தன் வீட்டுத் திண்ணையிலேயே படிக்கக் காணவேண்டும். திருமலை கண்ணுக்குத் தெரிந்தபோது நாம் வேண்டிக்கொண்டது அதுவே.