மாலைமாற்று

1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் தொடங்கிவைத்த குறுக்கெழுத்துப் புதிர், இன்று தமிழ் இதழ்களிலும் இடம்பெறுகிறது. முதியோர் பலருக்கு அது காலை வழிபாட்டை அடுத்து வரும் நியமமாகவே ஆகிவிட்டது. சீர்காழியில் வாழும் பெரியவர் ஒருவருக்கும் அவ்வாறே.

தபால் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். சட்டைநாதர் கோயிலுக்குச் சென்று திரும்பியதும் திண்ணையில் அமர்ந்து புதிரை எடுப்பார். ஊர், அரசர், பழமொழி பற்றிய குறிப்புகள் அவருடையவை. புராணமும் தேவாரமும் அவர் மனைவியாருடையவை.

"மார்க்கண்டேயரின் தந்தை, ஐந்து எழுத்து" என்று இவர் படிப்பார்.

"மிருகண்டு" என்ற விடை அடுக்களையிலிருந்து வரும். "புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு, மறந்துவிடாதீர்கள்" என்ற எச்சரிக்கையும் உடன் வரும்.

விடை கிட்டாத நாள்களில், மறுநாள் வெளியாகும் விடைகளைப் பார்க்க அம்மையார் இசையமாட்டார். "பொறுத்திருங்கள், குறுக்கே வரும் சொல் நேராகட்டும், இதுவும் விளங்கிவிடும்" என்பார்.

சென்ற தை மாதத்தில் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். அதன் பின்னும் நாளிதழ் வந்தது; கட்டங்கள் மட்டும் நிரம்பவில்லை. காரணம் கேட்ட மகனிடம், "கேட்டால் பதில் சொல்ல ஆளில்லையே" என்றார் பெரியவர். கோயிலுக்குச் செல்வதும் நின்றது. துக்க ஆண்டு என்று உறவினர் எண்ணிக்கொண்டனர், அவர் மறுக்கவில்லை. உண்மையில், இறைவனிடம் கேட்பதற்கு அவரிடம் ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை.

பள்ளி விடுமுறைக்கு வந்த பேத்தி ஒரு நாள் நாளிதழை விரித்தாள். "மணமேடையில் நிகழ்வது; எப்பக்கமிருந்து படித்தாலும் மாறாத பாட்டு. ஐந்து எழுத்து. நடுவில் 'மா' வருகிறது தாத்தா" என்றாள்.

பெரியவரின் முகம் தன்னையறியாமல் அடுக்களைப் பக்கம் திரும்பியது. அங்கிருந்து குரல் எழவில்லை. குழந்தை காத்திருந்தாள். நெடுநேரம் கழித்து, "மாலைமாற்று" என்றார் அவர்.

திருஞானசம்பந்தர் இவ்வூரின் மேல் பாடிய பதிகம் அது. மூன்றாம் திருமுறையில் உள்ளது. அதன் 11 பாடல்களையும் ஈற்றெழுத்திலிருந்து பின்னோக்கிப் படித்தாலும் அதே பாடலாகவே அமையும். அலமாரியிலிருந்த தேவார நூலை அவர் எடுத்துக் கொடுக்க, பேத்தி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் பின்னிருந்து படித்து வியந்தாள்.

"உங்களுக்கு இது எப்படித் தெரியும் தாத்தா?"

"உன் பாட்டி சொல்லித் தெரியும்."

சொன்ன பிறகே அவருக்கு உறைத்தது. பதில் சொல்ல ஆளில்லை என்று இத்தனை மாதங்கள் எண்ணியிருந்தது பிழை.

அன்று மாலை பேத்தியின் கைபற்றிக் கோயிலுக்குச் சென்றார். அம்பிகை சம்பந்தருக்கு ஞானப்பால் ஊட்டிய பிரம்ம தீர்த்தக் கரையைக் காட்டினார். திருநிலைநாயகி சன்னிதியில் நின்றபோதும் கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. நன்றி சொல்லத் தோன்றியது. கண்ணீர் பெருக நின்று வணங்கினார்.

மறுநாள் காலை நாளிதழ் வந்தது. முந்தைய நாள் புதிரில் இரண்டு சொற்கள் எஞ்சியிருந்தன. பேத்தி விடைப் பகுதியைத் தேடிப் பக்கத்தைப் புரட்டினாள்.

பெரியவர் அவள் கையை மெல்லத் தடுத்தார். "பொறு அம்மா, குறுக்கே வரும் சொல் நேராகட்டும்" என்றார்.