சிறுவாடு

எங்கள் பக்கம் பணத்தைத் துட்டு என்றுதான் சொல்வோம். டச்சுக்காரர்களின் செப்புக் காசின் பெயரிலிருந்து வந்த சொல் அது. 1658-இல் அவர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். ஆட்சி போன பின்னும் காசின் பெயர் எங்கள் வாயில் தங்கிவிட்டது. அதற்கு வெகுகாலம் முந்தியே முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம் எங்கள் கொற்கை. கடல் விலகிப்போய், இன்று தாமிரபரணித் தண்ணீரில் வாழையும் நெல்லும் விளைகிற ஊர். இப்படித் துட்டு புழங்கிய மண்ணிலும் பெண்ணின் துட்டுக்குத் தனிப் பெயர்: சிறுவாடு.

வரவு, செலவு, இருப்பு, முதல், வட்டி எல்லாம் வெளிச்சத்தில் நடமாடும் சொற்கள். சிறுவாடு மட்டும் அரிசிப் பானைக்குள் இருக்கும். ஆண் மிச்சம் பிடித்தால் சேமிப்பு. பெண் மிச்சம் பிடித்தால் சிறுவாடு. முட்டை விற்றது, பால் ஊற்றியது, அண்ணன் பொங்கல்படி கொடுத்தது, வீட்டுச் செலவில் வயிற்றைக் கட்டி ஒதுக்கியது என்று எல்லாம் அதில் அடக்கம். அவள் உழைப்பில் வந்ததுதான். ஆனாலும் திருடியதைப் போல ஒளிக்க வேண்டியிருந்தது.

என் ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் மூன்று டப்பா வைத்திருந்தாள். ஒன்று அன்றாடச் செலவுக்கு. இன்னொன்று நல்லது கெட்டதுக்கு. மூன்றாவதைப் பற்றிக் கேட்டால், “அது எனக்குளா” என்பாள். இன்று கல்லூரிப் பெண்களுக்கு பட்ஜெட், அவசரகால நிதி, சேமிப்பு என்று நான் கரும்பலகையில் எழுதுவது அந்த மூன்று டப்பாக்களைத்தான்.

50-30-20 என்றொரு கணக்கு இப்போது பிரபலம். அமெரிக்காவின் எலிசபெத் வாரனும் அவர் மகளும் 2005-இல் எழுதிய நூலால் பரவியது. கைக்கு வரும் வருமானத்தில் பாதி தேவைக்கு, 30 பங்கு விருப்பத்துக்கு, 20 பங்கு சேமிப்புக்கும் கடனுக்கும். நல்ல கணக்குதான். ஆனால் வருமானம் அவள் கைக்கு வருகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. சம்பளக் கவரை அப்படியே வீட்டில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குக் காசு கேட்டு நிற்கிற பெண்ணுக்கு நூற்றில் எத்தனை பங்கு?

ஒளித்து வைத்த துட்டுக்கு ஒரு ஆபத்து உண்டு என்பதை 2016 நவம்பர் 8 காட்டியது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அன்றிரவு அறிவித்ததும் பெண்களின் பானைகளும் டப்பாக்களும் வெளியே வந்தன. மாற்ற வேண்டுமென்றால் வீட்டு ஆணிடம் சொல்லியாக வேண்டும். “இவ்வளவு துட்டு உனக்கேது?” என்ற கேள்வியை எத்தனையோ பெண்கள் அந்த வாரம் எதிர்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் 2,11,500 ரூபாயை வங்கியில் போட்ட ஓர் இல்லத்தரசியிடம் வருமான வரித்துறையும் அதையே கேட்டது. அவர் விடவில்லை. 2021-இல் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆக்ரா அமர்வு அது அவர் சேமிப்பே என்று ஏற்றுக்கொண்டது. சிறுவாட்டுக்குச் சட்டத்தின் முன் கிடைத்த மரியாதை அது.

வட்டிக் கணக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். “ரெண்டு வட்டி” என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம். “பத்து வட்டி” ஆண்டுக்கு 120 சதவீதம். 10,000 ரூபாய் கடனில் முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 9,000 கொடுத்தால், நம் கையில் வாங்கியது 9,000. கட்டுவது மாதம் 1,000. கணக்குப் போட்டால் 133 சதவீதம். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், நால்வரும் இறந்தார்கள். வட்டியை மாதத்தில் கேட்காதீர்கள், ஆண்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் பெண்களின் கணக்குக்கே வருகிறது. உதவி என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்தது எனக்குப் பிடிக்கும். ஆனால் வகுப்பில், “அம்மாவோட ஏடிஎம் கார்டு யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டால் பாதிப் பேர், “அப்பாகிட்ட மேடம்” என்கிறார்கள். கணக்கு அவள் பெயரில், ரகசிய எண் அவர் மனதில், ஓடிபி மகனின் போனில். இதற்கு அரிசிப் பானையே மேல்.

சிக்கனத்தை எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கால் கிலோ கத்திரிக்காயை இரண்டு நாளைக்கு ஓட்டியவர்கள் அவர்கள். அவர்களுக்கு வேண்டியது தன் பெயரில் ஒரு கணக்கு, தன் கையில் அதன் கார்டு, தன் போனுக்கு வரும் குறுஞ்செய்தி. அந்த இருப்பு ஐந்நூறோ ஐம்பதாயிரமோ, அதைச் சிறுவாடு என்று சொல்லாதீர்கள். சேமிப்பு என்று சொல்லுங்கள். யாராவது கேட்டால் சத்தமாகவே சொல்லுங்கள்.