ஒப்பாரிக்கு ராயல்டி யாருக்கு?

இலங்கை மலையகத்தில் ஒரு ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் இருந்தது. கோச்சி என்றால் அங்கே ரயில். ஒப்பாரி எப்படி வந்து ஒட்டிக்கொண்டது?

1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேர் அங்கேயே இருக்கலாம். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்! (குடோனில் சரக்கு எண்ணுவது மாதிரி இல்லை? சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவே இல்லை.) அதற்கப்புறம்தான் தலைமன்னார் போகும் ரயிலுக்கு அந்தப் பெயர். ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுத சத்தம், சாவு வீட்டுச் சத்தம் மாதிரியே இருந்ததாம். பின்னே, ஒரே குடும்பத்தில் பாதி இங்கே, பாதி அங்கே என்றால்?

பிறகு கப்பலில் ராமேஸ்வரம். மண்டபம் முகாம். அங்கிருந்து தமிழ்நாடு முழுக்க. புத்தூர்க்காரர்களுக்கு ஏர்போர்ட் பக்கத்துக் கொட்டப்பட்டு முகாம் தெரிந்திருக்கும். அரசாங்கம் இவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அதே பெயர்தான்!

அப்படித் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர்களில் ஒருவர் வள்ளியம்மாள். அவருடைய பேரன்தான் பாடகர் அறிவு. பாட்டி சொன்ன கதைகளையும் ஒப்பாரியின் சாயலையும் வைத்து அவர் வரிகள் எழுத, சந்தோஷ் நாராயணன் தயாரிக்க, தீயும் அறிவும் பாடி 2021 மார்ச்சில் வந்தது 'என்ஜாய் எஞ்சாமி'. வீடியோவில் வள்ளியம்மாளும் இருக்கிறார். பாட்டு உலகம் பூராவும் ஓடியது. பிரெஞ்சு டிஜே ஸ்னேக் ரீமிக்ஸ் செய்தார். 'என் சாமி' என்று கொஞ்சுகிற சொல் பலருக்கு வெறும் 'என்ஜாய்' ஆகக் கேட்டது வேறு விஷயம். நிலத்தை விட்டு விரட்டப்பட்டவர்களின் பாட்டுக்கு ரீல்ஸில் ஆட்டம் போட்டார்கள்.

சண்டையும் வந்தது. 2021 ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. 2022-ல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாட்டு மேடையேறியது. இசையமைத்து, எழுதி, பாடியது நான்தான் என்றார் அறிவு. மெட்டு மூவரும் சேர்ந்து போட்டது, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் டாலி பார்ட்டனை நினைக்காமல் இருக்க முடியாது. தன்னை வளர்த்துவிட்ட போர்ட்டர் வேகனரைப் பிரியும்போது 1973-ல் ஒரு விடைபெறும் பாட்டு எழுதினார். சாதாரண நாட்டுப்புறப் பாணிப் பாட்டு. எல்விஸ் பாட ஆசைப்பட்டார். ஆனால் பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்றார் அவருடைய மேனேஜர். டாலி மறுத்துவிட்டு ராத்திரி முழுக்க அழுதாராம். 1992-ல் விட்னி ஹூஸ்டன் அதைப் பாடினார். அமெரிக்காவில் 14 வாரம் முதலிடம்! ராயல்டி ஒழுங்காக டாலியிடம் போய்ச் சேர்ந்தது. அழுதது வீண் போகவில்லை.

டாலியின் பாட்டுக்கு எழுதியவர் பெயர் இருந்தது, கையெழுத்து இருந்தது. ஒப்பாரிக்கு? இந்தியாவில் எழுதியவர் வாழ்நாளும் அதற்கு மேல் 60 வருஷமும் காப்புரிமை. 2012 திருத்தத்தில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியை விட்டுக்கொடுக்க முடியாத உரிமையாகவே ஆக்கிவிட்டார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அது ஆசிரியரைத் தேடும். ஸ்டேஷனில் அழுதவர்களில் யாரை ஆசிரியர் என்று எழுதுவது? அறிவுக்கும் சந்தோஷுக்கும் நடந்த சண்டை மேல்மாடியில் நடந்தது. அஸ்திவாரம் போட்டவர்கள் எந்த லெட்ஜரிலும் இல்லை.

மேல்மாடிக்காவது பணம் வந்ததா என்றால், 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ போட்டார். மூன்று வருஷத்தில் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வந்த வருமானம் பூஜ்யம் என்றார்.