ஜாமீன் கேட்க ஒரு நீதிபதி

2025 செப்டம்பர் 4, வியாழன்

விடிவதற்குள் போன். கட்சிக்காரரின் மனைவி, வவுனியாப் பெண். "அக்கா, நேற்றுக் கையெழுத்து வைக்கப் போனவர் இன்னும் வீட்டை வரேல்லை. போன் அடிச்சா ஓஃப் எண்டு வருது." பின்னால் குழந்தை கார்ட்டூன் பார்க்கும் சத்தம்.

குடியேற்ற அலுவலகத்தில் குறித்த தேதியில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும் என்பது அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. ஒருமுறைகூடத் தவறியதில்லை. இந்த முறை உள்ளே போனவரை அங்கேயே விலங்கிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, வக்கீலான எனக்கும் சொல்லவில்லை.

குடியேற்ற அமலாக்கத் துறையான ஐசிஇயின் இணையத் தேடலில் அவருடைய குடியேற்றக் கோப்பு எண்ணையும் (ஏ நம்பர்) பிறந்த நாட்டையும் போட்டுப் போட்டுப் பார்த்தேன். மதியம் நெருங்கும்போதுதான் பெயர் வந்தது. நியூஜெர்சியிலேயே ஒரு தடுப்பு முகாம். போன உயிர் திரும்பியது. லூசியானாவுக்கோ டெக்சாஸுக்கோ ஏற்றியிருந்தால் வழக்கும் கூடவே போய்விடும். ஆள் எங்கே அடைபட்டிருக்கிறாரோ, அந்த வட்டார ஃபெடரல் கோர்ட்டில்தான் ஆட்கொணர்வு மனு போட முடியும். இங்கிருந்து கிளப்புவதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும்.

மாலைச் செய்தியில் ஜார்ஜியா. ஹூண்டாயும் எல்ஜியும் சேர்ந்து கட்டும் பேட்டரி ஆலையில் ரெய்டு. நூற்றுக்கணக்கானோரைப் பிடித்திருக்கிறார்கள், பெரும்பாலோர் கொரியர்கள். முழுதாகப் படிக்க நேரமில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் இன்று யாஹுரே ஹுர்டாடோ வழக்கில் தீர்ப்பு வெளியிட்டுவிட்டது. சோதனைச் சாவடி வழியாக வராமல் எல்லை தாண்டி நுழைந்த எவருக்கும், அவர் இங்கே எத்தனை ஆண்டு வாழ்ந்திருந்தாலும், ஜாமீன் கொடுக்க இமிகிரேஷன் நீதிபதிக்கு அதிகாரம் கிடையாதாம். ஜூலை 8ஆம் தேதி ஐசிஇ தன் அலுவலர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை சொன்னதையே வாரியமும் சொல்கிறது. வித்தியாசம், இது நாட்டிலுள்ள எல்லா இமிகிரேஷன் நீதிபதிகளையும் கட்டுப்படுத்தும்.

சட்டத்தில் இரண்டு பிரிவுகள். 235ஆம் பிரிவு, உள்ளே விடச் சொல்லிக் கேட்டு வந்து நிற்பவர்களுக்கானது. அதில் ஜாமீன் இல்லை. 236ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ளே இருந்து பிடிபடுபவர்களுக்கானது. குறைந்தது 1,500 டாலர் கட்டவைத்து வெளியே விடலாம். 1996இல் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டத்தில் வந்த ஏற்பாடு இது. அதற்குப் பிறகு வந்த நிர்வாகங்கள், ட்ரம்பின் முதல் ஆட்சி உட்பட, இங்கே குடியும் குடித்தனமுமாக இருப்பவரை 236இல்தான் வைத்தன. ஏறக்குறைய முப்பது ஆண்டு எல்லோரும் ஒரே மாதிரி வாசித்த சட்டத்தை இந்தக் கோடையில் வேறு மாதிரி வாசிக்கிறார்கள்.

என் கட்சிக்காரரின் கோப்பை எடுத்து விரித்தேன். 2023இல் அரிசோனா எல்லையில் பிடிபட்ட அன்று கொடுத்த விடுவிப்புத் தாள். நாலாக மடித்துப் பர்ஸிலேயே வைத்திருந்து மடிப்பெல்லாம் கிழிந்து, செலோடேப் ஒட்டியிருக்கிறார். முதல் வரியிலேயே அரசாங்கம் அச்சடித்திருக்கிறது: பிரிவு 236இன்படி உங்களைச் சொந்தப் பொறுப்பில் விடுவிக்கிறோம். அன்று 236 என்று எழுதிக் கொடுத்தவர்கள் இன்று 235 என்கிறார்கள். இடையில் அவர் செய்ததெல்லாம் அடைக்கல மனுவை ஓராண்டுக் கெடுவுக்குள் தாக்கல் செய்தது, வேலை அனுமதி வாங்கியது, பெட்ரோல் பங்கில் இரவு ஷிஃப்ட் பார்த்தது. (வண்டிக்காரர் தானே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கும் ஒரே மாநிலம் இது, பங்குக்குப் பங்கு ஆள் வேண்டும்.)

இந்தத் தாள்தான் என் மனுவின் முதல் இணைப்பு. இன்றிரவே எழுத உட்கார்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

முகாமில் அவரைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் விலங்கு அழுத்திய தடம் இன்னும் போகவில்லை. வீட்டைப் பற்றிக் கேட்டார், குழந்தைக்குச் சளி விட்டதா என்றார். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டுக் கேட்டார்: "நான் போறன் எண்டு எழுதிக் குடுத்தா எத்தினை நாளிலை விடுவினம் அக்கா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் போயிருந்தேன். முகாமில் எல்லோரும் இதையே பேசிக்கொள்கிறார்களாம். கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் விமானம், போடாவிட்டால் எத்தனை மாதமென்று தெரியாத அறை.

அவர் திரும்பிப் போக வேண்டிய இடம் எது? அண்ணன் 2009இல் காணாமல் போனவர். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 முதல் வவுனியாவில் சாலையோரப் பந்தலில் உட்கார்ந்து போராடுகிறார்களே, அங்கே படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் தாய்மார்களில் இவருடைய அம்மாவும் ஒருவர். அதற்காக இவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கடைசி விசாரணையில் நடந்ததை எனக்கு வாக்குமூலமாகச் சொல்லி முடிக்க அவருக்குப் பல அமர்வுகள் ஆயின. அந்த வாக்குமூலத்தை இன்னும் எந்த நீதிபதியும் படிக்கவில்லை. அடைக்கல வழக்கின் இறுதி விசாரணை 2027இல்.

அதற்குள் அவரே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டால் கோப்பு மூடப்படும், "தானாக விரும்பிப் போனவர்" என்ற கணக்கில் சேரும். நான் சொல்லவருவது இதைத்தான். நாடுகடத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு. எல்லா வாதங்களும் கேட்கப்பட்டு, மேல்முறையீடும் முடிந்து, போகத்தான் வேண்டும் என்று தீர்ப்பான பிறகு போகச் சொன்னால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்; கட்சிக்காரர்களுக்கு நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் வழக்கைக் கேட்காமல், அறையில் போட்டுப் பூட்டி, மனசு உடையும்வரை காத்திருப்பது சட்ட அமலாக்கம் ஆகாது. பூட்டே தீர்ப்பை எழுதுகிறது.

"ரெண்டு கிழமை பொறுங்கோ" என்றேன். எனக்கும் அவர்கள் பேச்சு ஒட்டிக்கொண்டது. தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து மனுவை முடித்து ஆன்லைனில் தாக்கல் செய்தேன். ஆட்கொணர்வு மனுவுக்குக் கோர்ட் கட்டணம் 5 டாலர்.

செப்டம்பர் 8, திங்கள்

மனு ஒரு ஃபெடரல் நீதிபதிக்கு ஒதுக்கப்பட்டது. மதியத்துக்குள் இடைக்கால உத்தரவு: மறு உத்தரவு வரும்வரை இவரை நியூஜெர்சியை விட்டுக் கொண்டுபோகக் கூடாது, அரசு பதில் மனு போட வேண்டும். ஃபெடரல் நீதிபதிகள் ஆயுள்காலப் பதவியில் இருப்பவர்கள், தீர்ப்புக்காக எவரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. இமிகிரேஷன் நீதிபதிகளோ அட்டர்னி ஜெனரலுக்குக் கீழே வேலை பார்க்கும் ஊழியர்கள். இந்த ஆண்டு அவர்களில் பலரைக் காரணம் சொல்லாமலே நீக்கிவிட்டார்கள். இமிகிரேஷன் கோர்ட்டைத் தனி நீதிமன்றமாக்க வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்கிறது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கோரிக்கை அப்படியே கிடக்கிறது.

அதே நாளில் உச்ச நீதிமன்றம். லாஸ் ஏஞ்சலஸில் தோற்றம், ஸ்பானிஷ் பேச்சு, நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகியவற்றை மட்டும் வைத்து யாரையும் நிறுத்தி விசாரிக்கக் கூடாது என்று கீழ்க் கோர்ட் போட்ட தடையை நிறுத்திவைத்துவிட்டது. பெரும்பான்மை காரணம் எழுதவில்லை. நீதிபதி சோட்டோமயோரின் மாற்றுக் கருத்தை மட்டும் முழுக்கப் படித்தேன். கார் கழுவும் இடத்தில் நிற்கும் குடிமகனும் இனி பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

செப்டம்பர் 10, புதன்

இமிகிரேஷன் கோர்ட்டில் முன்பே குறித்திருந்த ஜாமீன் விசாரணை, வீடியோவில். நீதிபதி நல்ல மனிதர், கோப்பைப் படித்துவிட்டு வந்திருந்தார். ஓடிப்போகிற ஆளாகவோ ஆபத்தான ஆளாகவோ தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். வாரியத்தின் தீர்ப்பு இருப்பதால் அதிகாரம் இல்லை, மனு தள்ளுபடி. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்தபோது திரையில் என் கட்சிக்காரர் முகம் அசையவேயில்லை.

உத்தரவின் நகலை ஃபெடரல் வழக்கில் சேர்த்துவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எடிசனில் சிநேகிதி வீட்டில் சாப்பாடு. பேச்சு குடியேற்றத்தில்தான் போய் நின்றது. அவள் கணவர் ஐடியில் இருக்கிறார். கிரீன் கார்டு வரிசையில் எத்தனையோ வருஷமாக நிற்கிறார். "நாங்க வரி கட்டிக்கிட்டு ஒழுங்கா க்யூல நிக்கிறோம். வேலி தாண்டி வந்தவங்களுக்கு நீங்க கோர்ட் கோர்ட்டா ஓடறீங்க. இது நியாயமா?"

அவருடைய ஆதங்கம் பொய்யில்லை. வேலை வழியாக வருடத்துக்கு 1,40,000 கிரீன் கார்டுதான், அதில் பொதுவாக ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கூடாது. ஆகவே ஐஸ்லாந்துக்கும் இந்தியாவுக்கும் ஒரே உச்சவரம்பு. அவர் பையன் இரண்டு வயதில் வந்தவன், 21 முடிந்தால் அப்பாவின் மனுவிலிருந்து வெளியே விழுவான். ஆனால் இவருடைய வரிசையை நீளமாக்கியது என் கட்சிக்காரர் இல்லை. அந்த எண்ணை 1990இல் நாடாளுமன்றம் வைத்தது, அதன் பிறகு தொடவில்லை. அடைக்கலம் வேறு சட்டம். எந்த வழியாக நுழைந்தாலும் கேட்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சொன்னேன். அரைமனதாகக் கேட்டுக்கொண்டார்.

காங்கிரஸ் ஒரு தேதியை மாற்றினால் போதும் என்று நான் எல்லோரிடமும் சொல்லும் இன்னொன்று உண்டு. ரிஜிஸ்ட்ரி என்று ஒரு பழைய பிரிவு. நீண்ட காலம் இங்கேயே வாழ்ந்து, நன்னடத்தை உள்ளவர், தாள் இல்லாவிட்டாலும் கிரீன் கார்டு கேட்கலாம். 1929இல் வந்த ஏற்பாடு. கெடு தேதியை அவ்வப்போது முன்னால் நகர்த்திவந்தார்கள். கடைசியாக நகர்த்தியது 1986இல், ரீகன் காலத்தில். அன்று வைத்த தேதி 1972 ஜனவரி 1. இன்றைக்கும் அதுதான்.

ஜூலை 4ஆம் தேதி கையெழுத்தான சட்டம் தடுப்பு முகாம்களுக்கு 4,500 கோடி டாலர் ஒதுக்குகிறது. அதே சட்டம் இமிகிரேஷன் நீதிபதிகள் 2028 நவம்பரிலிருந்து 800 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. தேங்கிக் கிடக்கும் வழக்குகள் 34 லட்சம் அளவில். வரிசை நகரவேண்டும் என்று நினைப்பவர்கள் இப்படியா செலவு செய்வார்கள்?

ஜார்ஜியாவில் பிடிபட்ட கொரியத் தொழிலாளர்கள் வெள்ளிக்கிழமை ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் அரசும் கம்பெனியும் சேர்ந்து தனி விமானம் ஏற்பாடு செய்துகொண்டன. சந்தோஷம்தான். தன் நாட்டு அரசுக்கே பயந்து வந்தவருக்காக யார் விமானம் அனுப்புவார்கள்?

செப்டம்பர் 20, சனி

நேற்று மாலையிலிருந்து போன் சூடு தணியவில்லை. புதிய எச்-1பி வேலை விசா மனுவுக்கு 1,00,000 டாலர் என்று ஜனாதிபதி பிரகடனம். ஞாயிறு பிறந்து ஒரு நிமிடத்தில் அமல். ஏற்கெனவே விசா உள்ளவர்கள் வெளிநாட்டில் இருந்தால்? எழுத்தில் தெளிவில்லை. வர்த்தக அமைச்சர் ஆண்டுதோறும் என்கிறார். பெரிய கம்பெனிகள் ஊழியர்களை உடனே திரும்பச் சொல்லி மெயில் அனுப்புகின்றன. எச்-1பியில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள்.

ஒருவர் சென்னையிலிருந்து. அப்பாவுக்கு மகாளய அமாவாசைத் தர்ப்பணம் கொடுக்கப் போயிருக்கிறார். "மேடம், நாளைக்குத்தான் அமாவாசை. இன்னிக்கே கிளம்பணுமா?" சென்னையில் அப்போது விடியற்காலை நாலு மணி. நேர விமானம் கிடையாது, ஃப்ராங்க்ஃபர்ட்டோ துபாயோ மாறினால் கெடு முடிவதற்குள் தரையிறங்க மயிரிழையில்தான் முடியும். டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு வக்கீல் அப்படித்தான் சொல்ல முடியும். இன்று மதியத்துக்கு மேல் விளக்கம் வருகிறது: இனிப் போடும் புதிய மனுக்களுக்கு மட்டும், ஒரே ஒரு தடவை, இருக்கும் விசாக்காரர்களுக்கு இல்லை. அவர் அப்போது நடுவானில்.

ஒரு நாள் முன்னாடி இதை எழுத்தில் கொடுத்திருக்கலாம். முப்பது மணி நேர அவகாசத்தில் லட்சக்கணக்கான குடும்பங்களை ஓடவிடுவது எந்தக் கொள்கைக்கும் தேவையில்லை. எச்-1பியில் குறைகள் உண்டு. குறைந்த சம்பளத்துக்கு ஆள் பிடிக்கும் கன்சல்டன்சிகளை நானே எதிர்த்து வழக்காடியிருக்கிறேன். திருத்த வேண்டுமானால் விதியைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, கருத்துக் கேட்டு, தேதி சொல்லி மாற்றட்டும்.

செப்டம்பர் 25, வியாழன்

அரசின் பதில் மனு நான் எதிர்பார்த்த இடத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. 2020இல் ஓர் ஈழத் தமிழரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. எல்லைக்கு இப்பால் 25 கெஜத்தில் பிடிபட்டவர்; விரைவு நாடுகடத்தலை ஆட்கொணர்வு மனுவால் எதிர்க்க முடியாது என்று 7க்கு 2 தோற்றார். என் பதில்: அவர் கேட்டது அடைக்கலத்துக்கு இன்னொரு வாய்ப்பு, விடுதலை இல்லை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. இவர் கேட்பது பூட்டைத் திறப்பதற்கு ஒரு விசாரணை. ஆட்கொணர்வு மனு அதற்காகவே பிறந்தது.

இன்று உத்தரவு வந்தது. 235 இவருக்குப் பொருந்தாது, 236தான். விடுவிப்புத் தாளை நீதிபதி இரண்டு இடத்தில் எடுத்துக் காட்டியிருக்கிறார். ஏழு நாளுக்குள் ஜாமீன் விசாரணை நடத்த வேண்டும். நாட்டின் வேறு பல மாவட்ட நீதிபதிகளும் இப்படியே எழுதிவருகிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வக்கீல் பிடித்து, தனித்தனியாக மனுப் போட்டால்தான் கிடைக்கும். அரசுச் செலவில் வக்கீல் கேட்கும் உரிமை இந்த வழக்குகளில் கிடையாது. அவருடைய அறையில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு வக்கீல் இல்லையாம்.

மனைவிக்குப் போன் செய்தேன். "பிணை குடுத்திட்டினமோ அக்கா?" இன்னும் இல்லை, கேட்க நீதிபதி கிடைத்திருக்கிறார் என்றேன். செவ்வாய்க்கிழமை விசாரணை. சம்பளச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம், பெட்ரோல் பங்க் முதலாளியின் கடிதம், குழந்தையின் பிறப்புச் சான்று, கோயில் தலைவரின் கடிதம், எல்லாம் திங்கள் காலைக்குள் வேண்டும். எழுதிக்கொள்ளப் பேனா தேடினாள். 5,000 டாலர் வரை புரட்ட முடியுமா என்று கேட்டேன். பங்கில் வேலை செய்யும் பொடியன்கள் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

அவருக்கு அடுத்த படுக்கையில் இருக்கும் கௌதமாலாக்காரர் என் நம்பரை வாங்கியிருக்கிறார். நாளை காலை அவருடைய ஏ நம்பரைக் கேட்டு வாங்க வேண்டும்.