மரவகண்டித் தண்ணீர்

தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்கு முகத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, வடசரிவுக்குக் கீழே சீகூர் பீடபூமிக்கு வரும்போது ஓய்ந்துபோய்விடுகிறது. மேலே தேயிலை, கீழே முட்புதர். மழை மறைத்த இந்தக் காட்டில் மசினகுடி பெரிய ஊராக நிலைத்ததே மலையிலிருந்து மின்சாரத்துக்காக இறக்கிய தண்ணீரால்தான். பைக்காரா நீர் 1932இல் சிங்காராவில் டர்பைன்களைச் சுழற்றத் தொடங்கியது. அங்கே வேலை முடித்த நீர் மரவகண்டி அணையில் தேங்கி, கால்வாய் வழியே போய், 1952 முதல் மாயார் மின்நிலையத்தையும் ஓட்டுகிறது. ஊர்க்காரர்களின் குடங்களும் அந்த அணையை நம்பித்தான் இருக்கின்றன. மின்திட்ட வேலைக்கு வந்தவர்கள், மாட்டுப்பட்டி வைத்துச் சாணம் விற்றுப் பிழைத்தவர்கள், இவர்களுக்கெல்லாம் முன்பே இங்கிருந்த இருளர், குறும்பர் என எல்லோரையும் பிணைப்பது இந்தத் தண்ணீர். யானைக்கும் அதே தண்ணீர்தான். கோடையில் அதற்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே, நீர்க்கரை திறந்து கிடக்கும்வரைதான் மசினகுடியில் ஊரும் காடும் சேர்ந்து பிழைக்க முடியும் என்பது என் கட்சி.

கரை என்றால் வெறும் தண்ணீர்த்துறை என்று நினைத்துவிடக் கூடாது. மாவனல்லா, சிறியூர்ப் பக்கம் ஓடையோரம் நிற்கும் நீர்மருதுகளை அண்ணாந்து பார்த்தால் இது விளங்கும். உச்சிக்கிளையில் குச்சிகளை அடுக்கிய அகலக் கூடு. அடியில் எச்சம் வெள்ளையடித்த இலைகள். அழிவின் விளிம்புக்குப் போய்விட்ட வெண்முதுகுப் பாறுக் கழுகு அங்கே ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடுகிறது. செத்த மாட்டின் இறைச்சி வழியே அந்தக் கழுகுகளைக் கொன்ற டைக்குளோஃபினாக் என்ற வலிமருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்க 2006இல் தடை வந்தது. மருந்தைத் தடுத்துவிட்டு மரத்தையும் கரையையும் விட்டுவிட்டால் அந்த ஒற்றை முட்டைக்கு எங்கே இடம்?

கரையைத் திறப்பது என்றதும் பேச்சு அதை மறித்து நிற்கும் சுற்றுலா விடுதிகளுக்குப் போகும். "விடுதிகளை மூடினால் ஊர் எதைத் தின்னும்?" என்ற கேள்வி நியாயமானது. யானை வழித்தடம் குறித்த 2010ஆம் ஆண்டு அரசாணையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. அதற்கு முன்பே, 2018இல், பல விடுதிகளுக்குச் சீல் விழுந்தபோது, முதலாளிகளுக்கு முன்னால் அடிபட்டவர்கள் ஜீப் ஓட்டுநர்களும் சமையல்காரர்களும்தான். ஆனால் விருந்தாளி இங்கே வருவதே விலங்கைப் பார்க்க. அந்த விலங்கு நீருக்கு இறங்கும் வழியை மின்வேலியால் அடைக்கும் தொழில், தன் சரக்கைத் தானே அழிக்கிறது. அரசின் பங்கும் சிறிதல்ல. சிங்காராவில் மலையிறங்கும் ராட்சதக் குழாய்களும் மாயாருக்குப் போகும் கால்வாயும் யானைத் தடத்தின் குறுக்கேதான் கிடக்கின்றன. பரம்பரையாகக் குடியிருக்கும் இருளரையும் ஓடைக்கரையில் வேலி போட்ட விடுதியையும் ஒரே தராசில் நிறுத்துவது அநியாயம். முதலில் கழற்ற வேண்டியது கரையை மறித்த வேலிகளை. அடுத்து, கால்வாய்மேல் யானை தயங்காமல் கடக்கும் அகலத்தில் பாலங்கள். சிறு வீட்டுக்காரனை எழுந்து போகச் சொல்லும் பேச்சை, இவ்விரண்டும் முடிந்த பிறகு எடுக்கட்டும்.